நல்லா நடங்க

முழங்காலில் தேய்த்திருந்த தைலம் போவேனா என்றது. ரஞ்சித்குமார் பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றி மறுபடியும் அழுத்தித் துடைத்தான். பஞ்சு முதலில் மஞ்சளானது, பிறகு கறுத்தது. தைலம், பவுடர், மஞ்சள், செத்த தோல் எல்லாம் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டு அவன் கையுறையில் ஒட்டிக்கொண்டன. அதில் ஒரு மீன் செதிலும் இருந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண் அவன் முகத்தைக் கவனித்துவிட்டாள்.

"குளிச்சிட்டுத்தான் தம்பி வந்தேன்," என்றாள்.

குளித்துவிட்டுத்தான் வருகிறார்கள், அதுதான் தொல்லை. யாரோ காலைப் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் இந்தப் பெண்கள் முழங்காலுக்கு மஞ்சள் பூசி, பவுடர் போட்டு, பஸ்ஸில் வரும்போது வலி தெரியாமலிருக்க அதன்மேல் தைலமும் தேய்த்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்த வழுக்கலில் எதுவும் ஒட்டாது. ஒட்டவேண்டியது மார்க்கர்கள். கோலிக்குண்டைவிடச் சிறிய, வெளிச்சம் பட்டால் மினுங்குகிற சாம்பல்நிறப் பந்துகள். இடுப்பிலிருந்து கால்விரல்வரை எலும்பு துருத்துகிற இடமெல்லாம் அவற்றை ஒட்டவேண்டும். சுவரைச் சுற்றி மாட்டியிருக்கும் கேமராக்கள் ஆளைப் பார்க்காது, பந்துகளை மட்டும் பார்க்கும். ஆள் நடந்தால் திரையில் கறுப்பு வெளியில் வெள்ளைப் புள்ளிகள் நடக்கும். தரையில் விரித்த ரப்பர் விரிப்புக்கு அடியில் ஒரு தகடு பதித்திருந்தது. கால் அதன்மேல் பட்டதும் பாரம் எந்தப் பக்கமாக இறங்குகிறது என்று அது சொல்லிவிடும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் முழங்காலின் உள்பக்கம் எவ்வளவு சுமை தாங்குகிறது என்று ஒரு எண் வரும். மூட்டுத் தேய்ந்தவர்களுக்கு அந்த எண் பெரிதாக இருக்கும்.

அந்த எண்ணுக்காகத்தான் இத்தனை கூத்தும். ஆமெலி பாரிஸ் பக்கத்திலிருந்து ஆராய்ச்சிக்காக வந்திருந்தாள். அவளுடைய அப்பா இதே காரைக்காலிலிருந்து போனவர். பிரான்சில் ஏதோ ஒரு சங்கம் அவளுக்குப் பணம் கொடுத்து, அளக்கப்பட்டவர்களில் மிக மோசமாக இருக்கும் சிலருக்கு மூட்டு மாற்று ஆபரேஷனும் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. யார் மிக மோசம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எக்ஸ்ரேயில் எல்லார் மூட்டும் ஒரே லட்சணம். வலிக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் உயிர் போகிறது என்பார்கள். நடை பொய் சொல்லாது என்று முதல் நாள் கூட்டத்தில் ஆமெலி சொன்னாள். அளக்க அறை கொடுத்திருந்த கல்லூரியின் முதல்வர் மருதையன் அதற்குக் கைதட்டினார். எண் பெரிதாக வந்தவர்களுக்கு ஆபரேஷன். வராதவர்களுக்கு ஒரு முழங்கால் உறை, முதல்வரோடு ஒரு போட்டோ.

ஸ்டூலில் இருந்தவள் பெயர் தையல்நாயகி. கிளிஞ்சல்மேட்டிலிருந்து வந்திருந்தாள். அன்னக்கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்றவள்; இப்போது சுமக்க முடியாமல் மார்க்கெட் வாசலில் உட்கார்ந்து விற்கிறாள். இதெல்லாம் அவன் கேட்காமலே அவள் சொன்னது. உட்கார்ந்தால் எழுப்பிவிட இரண்டு ஆள் வேண்டும். அதனால் விடிந்ததிலிருந்து சாயங்காலம்வரை தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்கவேண்டும், ஒதுங்கினால் குந்தவேண்டும், குந்தினால் எழ முடியாது. ஒருமுறை கக்கூஸிலேயே வெகுநேரம் கிடந்து, பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து தூக்கினார்களாம். அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தூக்கினதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மூட்டு மாற்றினால் பிறகு குந்தவே கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்த மறுவாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு வீட்டில் நாற்காலி கக்கூஸ் வைத்துவிட்டாள். தெருவே அவளை வெள்ளைக்காரி என்று கூப்பிடுகிறதாம்.

"ஆப்ரேசன் கெடைச்சிரும்ல தம்பி?"

"மிஷின்தான் சொல்லும்," என்றான் அவன். காலை நீட்டச் சொல்லி, கணுக்கால் எலும்பைத் தடவிப் பார்த்து, கடைசிப் பந்தை ஒட்டினான்.

அவனுக்கு இந்த வேலையில் எதுவும் பிடிக்கவில்லை. வேறு வேலையிலும் எதுவும் பிடித்ததில்லை. பிசியோதெரபியை மூன்றாம் வருடத்தில் விட்டவன். பிறகு சென்னையில் ராத்திரி ஷிப்ட். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்லுக்கு நோய்க் குறியீடு போடும் வேலை. யாரோ ஒருவனின் மூல வியாதிக்கும் யாரோ ஒருத்தியின் கருச்சிதைவுக்கும் விடியவிடிய எண் போட்டுக் கொடுத்துவிட்டு, பகலில் பாய்நாற்றம் அடிக்கும் அறையில் தூக்கம் வராமல் கிடந்தான். ஒருநாள் ஷிப்ட் பாதியில் எழுந்து வந்தவன் திரும்பிப் போகவில்லை. ஊரில் இந்த வேலை கிடைத்தது. இங்கே நோய்களுக்கு நாற்றமும் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பெண்கள் உடை மாற்றிக்கொள்ள ஒரே அளவில் கறுப்பு அரைக்கால்சட்டைகள் வைத்திருந்தார்கள். இடுப்புக்குப் பந்து ஒட்டுவது ஆமெலி. முழங்காலிலிருந்து கீழே அவன். சாயங்காலம் அந்தக் கால்சட்டைகளைத் துவைத்துக் காயப்போடுவதும் அவன்தான்.

ஆமெலி நல்லவள். அதுவும் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. எல்லாரையும் தொட்டுப் பேசுவாள், எல்லாருக்கும் பிஸ்கட் கொடுப்பாள். ஆனால் வீட்டில் அப்பா அம்மா தன்னிடம் பேசிய தமிழ்தான் அவளுக்குத் தெரிந்த தமிழ். அதனால் எழுபது வயதுக்காரரையும் "நீ வா, நீ ஒக்காரு" என்பாள். மீனவப் பெண்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரக் குழந்தை என்று விட்டுவிட்டார்கள். மர்செல் மட்டும் விடவில்லை. அளக்க வந்த உள்ளூர்க்காரர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். பிரெஞ்சில் பேசும்போது "வூ" போட்டு மரியாதையாகப் பேசுகிறாள், தமிழுக்கு வந்தால் நாயைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுகிறாள் என்று ரஞ்சித்குமாரிடம் பொருமினார். பென்ஷன் நிற்காமலிருக்க, உயிரோடு இருக்கிறேன் என்று பிரான்சுக்கு வருஷாவருஷம் சான்றிதழ் அனுப்புகிறவர் அவர். கேமராக்களைப் பார்த்ததும் இதுவும் அந்த ரகம்தான் என்று நினைத்துவிட்டார். நெஞ்சை நிமிர்த்தி, கைகளை வீசி, அணிவகுப்பில் போவதுபோல ஒரு நடை நடந்து, முடிவில் சுவரைப் பார்த்து சல்யூட் அடித்தார். பிறகு வாசல் பெஞ்சில் முழங்காலைக் கட்டிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார்.

அப்போதே அவன் யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை.

ஆமெலியின் வழிமுறைத் தாளில் நடக்கிறவரிடம் சொல்லவேண்டிய வாக்கியம் அச்சடித்திருந்தது. "இயல்பாக நடக்கவும்." முதல் நாள் அவன் அதைத்தான் சொன்னான். "இயல்பா நடங்க." கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வந்திருந்த பெண், "ஏலமா? எங்க?" என்று திரும்பிப் பார்த்தாள். அடுத்து வந்தவர் அப்படியே நின்றார். அவன் பொறுமையுள்ளவன் அல்ல. இரண்டாம் நாளிலிருந்து அந்த வார்த்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாருக்கும் புரிகிறமாதிரி ஒன்றைச் சொன்னான்.

"நல்லா நடங்க."

தையல்நாயகியிடமும் அதையேதான் சொன்னான். அவள் விரிப்பின் முனையில் போட்டிருந்த கோட்டருகே போய் நின்றாள். கறுப்புக் கால்சட்டையும் மேலே ரவிக்கையும் துண்டுமாக, காலெல்லாம் பந்துகளோடு, பார்க்கச் சகிக்காத கோலம். அவன் சொன்னதும் ஒரு மூச்சு இழுத்தாள். முதுகு நிமிர்ந்தது. நடந்தாள். போனாள், திரும்பினாள், வந்தாள், மறுபடி போனாள். ஒரு சாய்வு இல்லை, ஒரு தயக்கம் இல்லை. திரையில் வெள்ளைப் புள்ளிகள் ஒரே சீராக ஏறி இறங்கின. தண்ணீர் தளும்பாமல் குடம் கொண்டுபோகிற நடை. ஆமெலிகூட, "ரொம்ப அழகா நடக்கிற, அம்மா," என்றாள். தையல்நாயகியின் மேலுதடு வேர்த்திருந்ததை ஏசி அறையில் வேறு யாரும் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான். கவனித்து என்ன?

எண் சின்னதாக வந்தது.

அவள் புடவை மாற்றிக்கொண்டு வெளியே போன பிறகு அவன் பீடி பிடிக்கப் பின்வாசலுக்குப் போனான். அங்கிருந்து பார்த்தால் தாழ்வாரம் தெரியும். தையல்நாயகி சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டு, நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தாள். படிக்கட்டு வந்ததும் திரும்பி, கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினாள். வலது கால் மடங்கவே இல்லை. வெளிப்பக்கமாக ஒரு அரைவட்டம் போட்டு வந்து விழுந்தது. அவனுக்கு ஆத்திரம் வந்தது. அவள்மேல்தான் முதலில் வந்தது. உள்ளே ராணிபோல நடந்துவிட்டு வெளியே வந்து ஊர்கிறவளுக்கு ஆபரேஷன் வேறு கேடா என்று நினைத்தான். பீடி கசந்தது.

தேர்வானவர்களுக்கு ஆமெலியே போன் செய்து சொன்னாள். தையல்நாயகிக்குப் போன் போகவில்லை. சில நாள் காத்திருந்து பார்த்துவிட்டு, மார்க்கெட்டை விட்டுவிட்டு மத்தியானத்தில் அவளே வந்து நின்றாள். விற்காத மீன் கூடையை ஷேர் ஆட்டோவில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். காவலாளி கூடையை உள்ளே விடாததால் அதைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, காக்கா கொத்தாமல் ஒரு கண்ணை அதன்மேலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

மிஷினில் உங்கள் நடை நன்றாக இருக்கிறது, அதனால் இல்லை என்று அவன் சொன்னான். அவளுக்குப் புரியவில்லை. நன்றாக இருந்தால் ஏன் இல்லை? அவன் இன்னொரு தடவை சொன்னான். மோசமாக நடக்கிறவர்களுக்குத்தான் ஆபரேஷன்.

அவள் கூடையிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள்.

"நல்லா நடன்னு நீதானப்பா சொன்ன?"

அவன் கேட்டுக்கு வெளியே இருந்த கூடையைப் பார்த்தான்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப மாமியாக்காரி ஒரு சொம்பு தண்ணி கேட்டா. தண்ணிக்கா கேட்டா? நடையப் பாக்கத்தான். எனக்கு அன்னைக்கிக் கெளுத்தி முள்ளு குத்திக் கால் பழுத்திருந்துச்சு. எங்கம்மா அடுப்படியில வச்சு, நல்லா நடடின்னு காதுல சொன்னுச்சு. நடந்தேன். சீழு உள்ளுக்குள்ள ஒடைஞ்சு பாதமெல்லாம் பிசுபிசுன்னு ஆயிருச்சு, நடையில ஒண்ணும் காட்டலயே. நீயும் அப்படித்தான சொன்ன. நான் அப்படித்தான நடந்தேன்."

குரலில் கோபம் இல்லை. வாங்கின மீனுக்குச் செவுள் சிவப்பாக இல்லை என்று சொல்கிற வீட்டுக்காரிக்கு விளக்கம் சொல்கிற குரல். அவனுக்கு அந்தப் பிசுபிசுப்புத் தன் பாதத்தில் பட்டதுபோல இருந்தது. மர்செலின் சல்யூட் ஞாபகம் வந்தது. கால்வலியோடு வந்து, அவன் சொன்ன ஒரு வார்த்தைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிட்டுப் போன எல்லாரும் ஞாபகம் வந்தார்கள்.

ஆமெலியிடம் உண்மையைச் சொல்லவில்லை. அன்றைக்கு முழங்காலில் தைலம் இருந்ததால் பந்து நழுவியிருக்கலாம், மறுபடி ஒருதடவை அளந்துவிடலாம் என்றான். அவள் அடுத்த வாரம் ஊர் திரும்புகிறாள். மூட்டை கட்டுகிற வேலையில் இருந்தாள். ஆனாலும் சரி என்றாள். நல்லவள்தானே.

தையல்நாயகி மறுநாள் சாயங்காலம் வந்தாள். இந்தத் தடவை மஞ்சள் இல்லை, பவுடர் இல்லை, தைலம் இல்லை. முழங்கால் வீங்கி, தோல் இழுபட்டு, கத்தரிக்காய் போல மினுங்கியது. அதில் யாரோ வைத்தியன் சூடு வைத்த தழும்பு இரண்டு இருந்தன. பந்துகள் முதல் முறையிலேயே ஒட்டின. அவன் குனிந்து ஒட்டிக்கொண்டே, இந்தத் தடவை வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடக் கூடாது என்று மனதுக்குள் பல வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தான். கடைசியில் ஆமெலிக்குக் கேட்காமல் சொன்னான்.

"வலிக்கிற மாதிரியே நடங்க."

"மாதிரியா?"

"ஆமா. எப்படி வலிக்குதோ அந்த மாதிரி."

அவள் கொஞ்சநேரம் தரையைப் பார்த்தாள். "என் நடைய நான் எங்கப்பா பாத்தேன்?" என்றாள். பிறகு ஏதோ முடிவுக்கு வந்தவளாகத் தலையாட்டிவிட்டுக் கோட்டருகே போனாள்.

நடந்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். வாயைக் கோணிக்கொண்டாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு "அம்மா". இடது காலைத் தூக்கித் தூக்கி வைத்து நொண்டினாள். தேய்ந்தது வலது கால். கோயில் திருவிழா நாடகத்தில் பிச்சைக்காரன் வேஷம் போட்டவன்கூட இவ்வளவு மோசமாக நொண்டமாட்டான். ரஞ்சித்குமார் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். திரும்பும்போது அவள் அவனைப் பார்த்து, சரிதானே என்பதுபோல லேசாகப் புருவத்தைத் தூக்கினாள்.

ஆமெலி எழுந்துவந்து அவள் தோளைத் தொட்டாள். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் பார்க்க முடியவில்லை.

"நீ பொய் நடக்கிற, அம்மா," என்றாள் மெதுவாக. "பரவாயில்ல. நீ வீட்டுக்குப் போ."

தையல்நாயகி நின்ற இடத்தில் நின்றாள். இடுப்பிலிருந்த கையை எடுக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றச் சற்று நேரம் பிடித்தது. எதிர்வீட்டு அஞ்சலை இப்படித்தான் நொண்டுவாள், நொண்டுவது என்றால் தனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது என்று ரஞ்சித்குமாரிடம் சொன்னாள். அவன் பந்துகளைக் கழற்றக் குனிந்தபோது கையைத் தட்டிவிட்டு, தானே பிய்த்துப் பிய்த்து மேசைமேல் போட்டாள். டேப்போடு முடியும் வந்தது. புடவையை அள்ளிக்கொண்டு, உடை மாற்றுவதற்குக் கட்டியிருந்த திரைக்குப் பின்னால் போனாள். வெளியே வந்தவள் யாரையும் பார்க்காமல், கதவுவரை நேராக நடந்தாள். நல்லா நடந்தாள்.

கதவு சாத்தியதும் அவன் ஆமெலியிடம் எல்லாவற்றையும் சொன்னான். தாளில் இருந்ததைத் தான் சொல்லவில்லை என்று. நல்லா நடங்க என்று சொன்னால் இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று. மர்செல், முள், சொம்புத் தண்ணீர், எல்லாம். சொல்லச் சொல்ல அவனுக்கே அது கேவலமான சாக்காகக் கேட்டது. அவள் வெளுத்துப்போனாள். நாற்காலியில் உட்கார்ந்து, மடிக்கணினியை மூடி அதன்மேல் கைவைத்துக்கொண்டாள். அவளுடைய மூன்று வருஷம் அதற்குள் இருந்தது.

"எல்லாருக்கும் அப்படித்தான் சொன்னியா?"

"ரெண்டாம் நாள்லேருந்து எல்லாருக்கும்."

"ஒரே வார்த்தை?"

"ஒரே வார்த்தைதான்."

அவள் யோசித்தாள். அவன் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் கொஞ்சமாக அதில் ரத்தம் திரும்பி வந்தது.

"அப்போ எல்லாருக்கும் ஒரே தப்பு. ஒரே தப்புன்னா ஒப்பிட்டுப் பாக்கலாம். முதல் நாள் ஆளுங்கள எடுத்துடுவேன்," என்றாள். சற்றுக் கழித்து, அவன் கையைத் தொட்டு, "நீ சொன்னது நல்லது. நன்றி," என்றாள்.

எல்லாருக்கும் ஒரே தப்பு அல்ல என்று அவன் சொல்ல நினைத்தான். வலியை மறைக்கத் தெரியாதவனுக்கு எண் பெரிதாக வந்திருக்கும். மறைத்து மறைத்தே காலம் தள்ளியவளுக்குச் சின்னதாக வந்திருக்கும். இதைச் சொல்ல வாக்கியம் அவனுக்குள் தயாராகத்தான் இருந்தது. மருதையன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வழியனுப்பு விழாவுக்குச் சால்வை எந்த நிறத்தில் வாங்கலாம் என்று கேட்டார். ஆமெலி சிரித்தாள். அவன் அந்தச் சிரிப்பையும், மேசைமேல் முடி ஒட்டிக் கிடந்த டேப் துண்டுகளையும், தன் கையையும் பார்த்தான். எல்லாம் ஒரே பிசுபிசுப்பாக இருந்தது.

பந்துகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் இருந்த குழிகளில் வைத்தான். ஒரு குழி மிஞ்சியது. மேசைக்கடியில் தேடினான், திரைக்குப் பின்னால் தேடினான், அவள் அவிழ்த்துப் போட்டிருந்த கால்சட்டையை உதறினான். ஏசி காற்றில் அதிலிருந்து மீனும் வேர்வையும் கலந்த வாடை எழுந்தது. இந்தத் தடவை அவன் முகத்தைத் திருப்பவில்லை. கால்சட்டையைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தான்.

இருட்டத் தொடங்கியிருந்தது. கல்லூரிக்கு எதிரே கருவேலங்காடு, அதை ஒட்டி ரோடு, ரோட்டின் கோடியில் பஸ் நிறுத்தம். தையல்நாயகி பாதி வழியில் இருந்தாள். உருவம் தெரியவில்லை, இருட்டில் இன்னும் கொஞ்சம் அடர்ந்த இருட்டு, அவ்வளவுதான். மீன் ஏற்றிப்போகும் வண்டி ஒன்று நாகூர் பக்கமிருந்து வந்து வெளிச்சத்தை அவள்மேல் கொட்டியது. புடவைக் கரைக்குக் கீழே, வலது கணுக்காலில், ஒரு புள்ளி பளிச்சென்று எரிந்தது.

கூப்பிட அவன் வாயைத் திறந்தான். கூப்பிட்டால் அவள் திரும்புவாள், யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடும், நிமிர்ந்துவிடுவாள். வாயை மூடிக்கொண்டான்.

வண்டி போனது. புள்ளி அணைந்தது. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வர மறுபடி எரிந்தது. கொஞ்சம் எழும்பி, வெளிப்பக்கமாக ஒரு அரைவட்டம் போட்டு, தரையில் விழுந்தது. நின்றது. நெடுநேரம் நின்றது. அடுத்த வெளிச்சம் வந்தபோது அவள் மின்கம்பத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். புள்ளி மறுபடி எழும்பி, வளைந்து, விழுந்தது. அதற்கடுத்து வந்தது பஸ். அதன் வெளிச்சம் முழுக்கத் தன்மேல் விழுந்தபோது அவள் கம்பத்தை விட்டாள். முதுகை நிமிர்த்தினாள். டிரைவர் பார்க்கும்படி கையைக் காட்டினாள். புள்ளி ஒரே சீராக, சாய்வில்லாமல், படிக்கட்டை நோக்கிப் போனது.